வடு: உண்டு, இல்லை

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். இரவு முழுவதும் பெய்த மழை, கதவைத் திறந்தபோது தூறலாகக் குறைந்திருந்தது. கிணற்றுக்கட்டு வழுக்கியதால் ஒரு வாளி குறைவாக அள்ளினேன். 5.10க்குத் தேநீர். 5.30க்குக் குசினியில் புட்டும் சம்பலும் செய்து மூன்று பெட்டிகளில் போட்டேன்: கணவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 6.15க்கு ஸ்கூட்டியை எடுத்தேன். வைத்தியசாலைக்கு ஆறு கிலோமீற்றர். வாய்க்கால் உடைத்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. 6.42க்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை நான்கு பாகை. அதை எழுதிப் பக்கத்தில் என் சிறு கையொப்பத்தை வைத்தேன்.

நான் தாதிய உத்தியோகத்தராகி இருபத்தேழு வருடம். அதில் பதின்மூன்று வருடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இந்தச் சிறிய வைத்தியசாலையில். இந்த நாட்குறிப்பும் இங்கே வந்த பிறகு தொடங்கியதுதான். அதற்கு முந்திய குறிப்புகள் எங்கே போயின என்று எழுதத் தேவையில்லை.

அன்று பயிற்சி நாள். வெப்பவலய நோய்கள் பற்றி எங்கள் பகுதிச் சுகாதார உத்தியோகத்தர்களுக்கு நடத்தப்பட்ட பயிற்சியின் இரண்டாம் அமர்வு. முதல் அமர்வு ஒக்ரோபர் 17இல் நடந்தது. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், பாம்புக்கடி ஆகியவற்றை நேரத்தோடு இனங்கண்டு மேலே அனுப்புவது எப்படி என்பதே பாடம். வருபவர்கள் நான்கு கிராம நிலையங்களின் குடும்பநல உத்தியோகத்தர்களும் எங்கள் தாதியரும். ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. 7.30க்கு மண்டபத்தில் இருபத்திரண்டு கதிரைகளைப் போட்டேன். பின்வரிசையில் ஒன்றின் கால் ஆடியது, அதை மாற்றினேன். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு கைநூல், ஒரு வெற்றுக் காய்ச்சல் படிவம், ஒரு பேனை வைத்தேன்.

அந்தக் கைநூலை மொழிபெயர்த்தவள் நான். படிவத்துக்குக் கோடு போட்டவளும் நான்.

செப்ரெம்பர் கடைசியில் எங்கள் வைத்திய அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். முப்பது வயதும் ஆகாத பெண். அவருக்கு இதுதான் முதல் நியமனம். கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

“மிஸ், பயிற்சி குடுக்க வாற வளவாளர் அனுப்பினது முழுக்க இங்கிலீஸ். எங்கட ஆக்களுக்கு இதைக் குடுத்தா மடிச்சு விசிறிக்கொண்டுதான் இருப்பினம். உங்கட தமிழ் நல்லம். நீங்களே எழுதித் தாங்கோவன்.”

என் தமிழைப் பற்றி இந்த வைத்தியசாலையில் எல்லோருக்கும் தெரியும். ‘செருப்பை கழற்றவும்’ என்று எவராவது அறிவித்தல் ஒட்டியிருந்தால், ஒரு ‘க்’ போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். குடும்பநல உத்தியோகத்தர்கள் எனக்குப் பின்னால் என்னைத் ‘தமிழ் ரீச்சர்’ என்பார்கள். முன்னாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மொழிபெயர்க்க மூன்று மாலைகள் எடுத்தேன். உண்ணிக்காய்ச்சல் பகுதியில் ஒரு சொல் என்னை மறித்தது. பற்றைக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடித்த இடத்தில் தோல் செத்து, கறுத்து, காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நோவாது, சொறியவும் தூண்டாது. ஆகவே நோயாளி அதைச் சொல்லமாட்டார். நாங்கள்தான் தேட வேண்டும். கண்டால் உடனே மருந்து தொடங்கலாம். மருந்தும் எங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்கும் சாதாரண வில்லைதான். அந்தக் கறுப்புக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்கார்’ என்று தனியாக ஒரு சொல் இருந்தது.

முதலில் ‘பொருக்கு’ என்று எழுதினேன். பிறகு வாசித்துப் பார்த்தேன். பொருக்கு என்பது விழுந்த பிள்ளையின் முழங்காலில் இருப்பது. வெயில் பட்ட சேற்றில் எழும்புவது. மேலிடத்துக்குப் போகும் தாளில் அந்தச் சொல் வெறுங்காலோடு நிற்பதுபோல் எனக்குப் பட்டது. வீட்டில் இருந்த அகராதியில் அந்த ஆங்கிலச் சொல் இல்லை. ஒலியில் அதற்கு அண்மையில் இருந்த ‘ஸ்கார்’ என்ற இன்னொரு சொல்லுக்குத் ‘தழும்பு, வடு’ என்று பொருள் போட்டிருந்தது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையாக இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். பொருக்கை வெட்டிவிட்டு ‘கருநிற வடு’ என்று எழுதினேன். அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி: ‘நல்ல சொல் கிடைத்தது.’ அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது. நாட்குறிப்பில் நான் எதையும் வெட்டுவதில்லை.

படிவத்தில் நான்கு கேள்விகள். காய்ச்சல் எத்தனை நாள். தலையிடி உண்டா. பற்றைக்காடு அல்லது வயலுக்குப் போனவரா. நான்காவது, ‘வடு: உண்டு / இல்லை’. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ‘உண்டு’ என்றால் வைத்திய அதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும்.

ஒக்ரோபர் 17இல் வளவாளர் டெங்குவை முடித்து, எலிக்காய்ச்சலை முடித்து, உண்ணிக்காய்ச்சலின் முதல் படத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. அரை மணித்தியாலம் பார்த்தோம். வரவில்லை. “பரவாயில்லை, கைநூலில எல்லாம் வடிவாத்தான் இருக்கு. அதை வாசியுங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் பாம்புக்கடிக்குப் போனார். படத்தை எவரும் பார்க்கவில்லை. கைநூலைத்தான் வாசித்தார்கள். நான்தான் உரத்து வாசித்தேன்.

இரண்டு கிழமைக்குள் படிவங்கள் நிரம்பி வரத் தொடங்கின. நான்காவது கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ‘உண்டு’. அக்கராயன் பக்கத்திலிருந்து வரும் குடும்பநல உத்தியோகத்தர், வாய் ஓயாத பெண், தன் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

“அக்கா, இஞ்ச வடு இல்லாத ஆள் ஆர்? பதினாலு வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையளைத் தவிர எல்லாருக்கும் உண்டுதான். எனக்கே மூண்டு. எழுதட்டோ?”

சிரித்தோம். வைத்திய அதிகாரியும் சிரித்தார். ஒவ்வொரு ‘உண்டு’க்கும் அவரை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நான் ஓர் ஒழுங்கு சொன்னேன்: யுத்தத்தில் செல் விழுந்த காயம், பழைய காயம் என்று தெரிந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பழையது’ என்று எழுதுங்கள். படிவம் சுத்தமாயிற்று. நவம்பர் முழுவதும் ‘உண்டு (பழையது)’ என்றே வந்தது. வைத்திய அதிகாரி அந்த வரியைப் பார்ப்பதை நிறுத்தினார். அது அவருடைய குற்றம் அல்ல. பார்க்கத் தேவையில்லாதபடி அதை நான்தான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் எங்கும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் உண்டு. மருந்து கட்டும்போதும் ஊசி போடும்போதும் கண்ணில் படும் பழைய காயங்களைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. 2011இல் ஒரு தடவை கேட்டேன். தோளில் சீழ் எடுக்க வந்த ஒரு முதியவர். சீழுக்குக் கீழே ஒரு நீண்ட தழும்பு. “இது என்னண்டு ஐயா வந்தது?” என்றேன், கை வேலையாக இருக்க வாய்க்கு ஒரு கதையாக. எட்டு மணிக்குத் தொடங்கினார். பன்னிரண்டு மணிக்கும் வாங்கிலிருந்து எழும்பவில்லை. நோயாளர் வரிசை அவரைச் சுற்றிப் போனது. மறுநாளும் வந்தார், விட்ட இடத்திலிருந்து சொல்ல. அதற்குப் பிறகு நான் எவரையும் கேட்டதில்லை. புதிதாக வரும் தாதியருக்கும் சொல்லிவைப்பேன்: துணியை விலத்தினால், வேலை முடிந்தவுடன் மூடிவிடுங்கோ. முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ.

இது மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அது மரியாதைதான்.

டிசம்பர் 9, சனிக்கிழமை, காலை 9.20. நாற்பத்தொரு வயதுப் பெண். எழுபதுகளில் மலையகத்திலிருந்து வந்து ஊர்க் குளத்துக்கு மேற்கே குடியேறிய குடும்பம். அவர் இங்கேயே பிறந்தவர். கணவர் வெளியே சைக்கிளோடு நின்றார்.

“எத்தினை நாளாக் காய்ச்சல்?”

“திங்கக்கெழமைலருந்துங்க மிஸ்ஸி. தலைதான் பொளக்குது.”

“பத்தைப் பக்கம் போனனீங்களோ?”

“பத்தைக்குள்ளதாங்க பொழப்பே.” காய்ச்சலோடும் சிரித்தார். மற்றவர்களின் காணி துப்புரவாக்குவதும் விறகு வெட்டுவதும் அவர் தொழில்.

வயிற்றைப் பார்ப்பதற்காகப் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னேன். இடது இடுப்பில், நாடா பதியும் கோட்டில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மினுங்கும் இரண்டு பழைய தழும்புகள். அவை எவை என்று இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

“பழைய வடுத்தானே?”

“ஆமாங்க.”

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எதைச் சொல்கிறார் என்று நானும் கேட்கவில்லை. துணியை மூடினேன். முகத்தைப் பார்த்துக் கதைத்தேன். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் கொஞ்சம் குறைந்திருந்தன. வைத்திய அதிகாரி டெங்கு என்று நினைத்தார். மழைக்காலத்தில் எவரும் அப்படித்தான் நினைப்பார். நிறையக் குடிக்கச் சொல்லி, திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லி அனுப்பினோம். அவர் கையில் கொடுத்த துண்டில் படிவத்தின் நான்கு விடைகளையும் என் கையெழுத்தில் பிரதி செய்தேன். என் கையெழுத்து மிகத் தெளிவானது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். அடுத்த நாள் பயிற்சி இருந்ததால் கைநூல்களுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை 9.05க்கு அமர்வு தொடங்கியது. வளவாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நிபுணர், ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுபவர். கரண்ட் இருந்தது. 10.25க்கு அவர் சொன்னார்: “அண்டைக்குக் காட்டேலாமப் போன படம் இதுதான்.”

திரையில் ஒரு மனித இடுப்பு. நாடா பதியும் கோட்டில் ஒரு கறுப்பு. நடுவில் காய்ந்து கருகி, சுற்றி மெல்லிய சிவப்பு வளையம்.

அக்கராயன் பெண் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துப் பலமாகச் சிரித்தார். “ஐயோ தமிழ் ரீச்சர், இதுக்கோ வடு எண்டு எழுதினனீங்கள்? இது பொருக்கெல்லோ!”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. வளவாளரும் சிரித்தபடி என்ன என்று கேட்டார். நான் அந்த நேரம் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் நின்றேன். விளக்கைப் போடும்படி எவரோ சொன்னார்கள். போடாமல் வெளியே வந்தேன்.

10.31க்குப் பதிவேட்டில் இலக்கத்தை எடுத்து அழைத்தேன். கணவர் எடுத்தார்.

“ஆஸ்பத்திரியிலயிருந்து கதைக்கிறன். சனிக்கிழமை வந்தவா எப்பிடி இருக்கிறா?”

“ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மூச்சு முட்டிருச்சுங்க மிஸ்ஸி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். நேத்துலருந்து மிசின்ல போட்டிருக்காங்க. டெங்குன்னாங்க, இப்ப நெஞ்சுச்சளிங்கிறாங்க.”

“அவாவின்ர இடுப்பில, இடப்பக்கம், கறுப்பா ஒண்டு இருந்தது. அது எப்ப வந்தது?”

“அதுங்களா? போன வாரத்துக்கு முந்தின வாரம். வெறகு வெட்டப் போனப்ப என்னமோ கடிச்சிருக்கும்னு நான்தான் மஞ்சப் பத்துப் போட்டுவிட்டேன்.”

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கறுப்பைச் சுற்றித் தோல் மஞ்சளாக இருந்தது. நாடாவின் உட்புறத்திலும் மஞ்சள் பட்டிருந்தது. பார்த்தேன். பழைய காயத்துக்கு எவரும் மஞ்சள் பூசுவதில்லை. பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

வைத்திய அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து எழும்பிவிட்டார். இருவரும் மண்டபத்துக்குள் போய் வளவாளரை நிறுத்தினோம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தொலைபேசியை எடுத்துப் பெரிய வைத்தியசாலையில் அவர் கிடந்த நோயாளர் விடுதிக்கு அழைத்தார். ஜன்னலோரம் நின்று கதைத்தார். எனக்குப் பாதிதான் கேட்டது. “இடது பக்கம். இல்லை, அது பழையது இல்லை. ஓம், துண்டில அப்பிடி இருக்கும். அந்தத் துண்டை விடுங்கோ. நீங்கள் துணியை எடுத்துப் பாருங்கோ.”

அந்தத் துண்டு நோயாளியோடு போயிருந்தது. தெளிவான கையெழுத்தில், அடைப்புக்குறியோடு. வாசித்தவர்கள் என்னை நம்பினார்கள்.

11.05. விடுதியிலிருந்து பதில் வரும் வரை செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வளவாளர், அமர்வைத் தொடரத்தான் வேண்டும் என்றார். நான் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை. அக்கராயன் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பலகையில் ‘வடு’ என்று எழுதிக் குறுக்கே கோடு கிழித்தேன். “இதுக்கு என்ன சொல்லுவம்? சனத்துக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ” என்றேன்.

“பொருக்குத்தான், அக்கா.”

“பொருக்கு எண்டா சிரங்கையும் காட்டுவினம்.”

“காஞ்ச புண்.”

“நோகாட்டில் ஆர் அதைப் புண் எண்டு சொல்லுவினம்?”

“கறுத்தப் பொருக்கு எண்டு போடுவம். புதுசா வந்த கறுத்தப் பொருக்கு.”

வளவாளர் நடுவில் சொன்னார்: “சிகரெட்டால சுட்ட மாதிரி எண்டுதான் புத்தகத்தில இருக்கு. அப்பிடிக் கேட்டா ஆக்களுக்கு டக்கெண்டு விளங்கும்.”

பின்வரிசையில் இருந்த மூத்த குடும்பநல உத்தியோகத்தர், அதுவரை வாய் திறக்காதவர், மெல்லச் சொன்னார்: “அப்பிடிக் கேக்கேலாது, சேர். அதுவும் இஞ்ச கன பேருக்கு இருக்கு.”

வளவாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த படத்துக்கும் அவர் போகவில்லை. நான் பலகையில் எழுதினேன்: ‘கறுத்தப் பொருக்கு, புதிது.’ எல்லோரும் கைநூலில் திருத்தினார்கள். இருபத்திரண்டு பேனைகள் தாளில் கீறுவது கேட்டது.

12.40க்கு விடுதியிலிருந்து அழைப்பு. பொருக்கு நாங்கள் சொன்ன இடத்தில் இருந்தது. 11.50க்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். குழாய் வழியாக. வளவாளர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மிஸ், அண்டைக்குக் கரண்ட் போகாம இருந்திருந்தா இது நடந்திராது. நான் இன்னொரு நாள் வந்து காட்டியிருக்கலாம். காட்டேல்லை. உங்கட தலையில மட்டும் போட்டுக்கொள்ளாதேங்கோ.”

“இண்டைக்குக் காய்ச்சல் எத்தினையாவது நாள், சேர்?”

“ஒன்பதாவது.”

“சனிக்கிழமை தொடங்கியிருந்தா?”

நல்ல மனிதர். பொய் சொல்ல வரவில்லை. “சனிக்கிழமை எண்டா, ரெண்டு நாளில காய்ச்சல் விட்டிருக்கும்” என்றார்.

1.30க்கு அவர் போனார். பயிற்சி பெற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. ‘வெப்பவலய நோய்களை இனங்காணும் பயிற்சியை வெற்றிகரமாக நிறைவுசெய்தமைக்காக’ என்ற வாசகமும் நான் எழுதியதே. ஒவ்வொருவராகப் பெயர் வாசித்துக் கொடுத்தேன். என்னுடையதும் அதில் இருந்தது. வைத்திய அதிகாரி அதை எடுத்து என் கையில் தந்தார். இப்போது அது மேசை லாச்சிக்குள் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது.

பிற்பகல் மழை வலுத்தது. வெளிநோயாளர் குறைவு. பழைய படிவங்களை எடுத்தேன். ‘உண்டு (பழையது)’ என்று இருந்தவற்றைப் பிரித்து, பற்றைக்காட்டுக்குப் போனவர்களைத் தனியாக எடுத்தேன். பதினேழு. பதினாறு பேரை அழைத்தேன். பன்னிருவர் எடுத்தார்கள். எல்லோரும் சுகமாக இருந்தார்கள். ஒரு பெண் கேட்டார்: “ஆஸ்பத்திரியில இருந்து எடுத்துச் சுகமோ எண்டு கேக்கிறீங்கள். என்ன மிஸ், எலெக்சன் கிலெக்சன் வருகுதோ?” நானும் சிரித்திருக்க வேண்டும். பதினேழாவது படிவம் சனிக்கிழமை வந்தவருடையது.

4.35க்கு அவருடைய கணவரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இலக்கத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

“போயிருச்சுங்க மிஸ்ஸி. நாலு மணி தாண்டி.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது குறிப்பில் இல்லை. நினைவிலும் இல்லை. அவர் அழவில்லை. பின்னால் கட்டில் தள்ளும் சத்தம் கேட்டது.

“மிஸ்ஸி, காலையில நீங்க ஒரு காய்ச்சல் பேரு சொன்னீங்களாம்ல, டாக்டருங்க பேசிக்கிட்டாங்க. மக கேக்குது, அம்மாவுக்கு என்ன காய்ச்சல்னு. எழுதி வச்சுக்கிறேன். சொல்லுங்க.”

“உண்ணிக்காய்ச்சல்.”

எழுதும் இடைவெளி. பிறகு கேட்டார்: “மூணு சுழியா மிஸ்ஸி, ரெண்டு சுழியா?”

“மூண்டு சுழி” என்றேன்.

“க் வருதுங்களா?”

“வரும்.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நன்றி என்றுதான் சொன்னார்.

வைத்திய அதிகாரி கதவில் நின்றிருந்தார். கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். “மிஸ், நானும் அந்த வரியைப் பாத்தனான். பழையது எண்டு கிடந்தபடியா…” என்று தொடங்கி முடிக்காமல் அழுதார். என் மகளைவிட நான்கு வயதுதான் மூத்தவர். போய் அணைத்திருக்கலாம். மேசையில் கிடந்த படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைக் கழுவிவிட்டு விடுதிச் சுற்றுக்குப் போனார். நான் 5.15க்குக் கையெழுத்திட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் 6.30க்கு நாட்குறிப்பை எடுத்தேன். மேலே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அன்று அந்த மேசையில் எழுதியது. நேரங்கள் எல்லாம் சரி. சனிக்கிழமையின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மழை எவ்வளவு, வாய்க்கால் எங்கே உடைத்தது, மகளுக்குத் தடிமன் என்றெல்லாம் இருக்கிறது. கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர், “சனம் இப்பிடித்தானே சாகுது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பதின்மூன்று வருடமாக நான் எழுதிவரும் நேரங்களும் பாகைகளும் சிறு கையொப்பங்களும், மூன்று சுழியும் இரண்டு சுழியும், அந்த ஒரு வாக்கியத்தைத் தள்ளி வைப்பதற்காகத்தான் என்று அப்போது பட்டது. தள்ள முடியவில்லை. இம்முறை அதை எழுதியது என் கை.

திருத்திய கைநூலில் ‘துணியை விலத்தி, காணும் ஒவ்வொரு அடையாளத்தையும் எப்போது வந்தது என்று கேட்கவும்’ என்று சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். எழுதும்போதே தெரிந்தது: இதை வன்னியில் ஒருவரிடம் செய்யச் சொல்வது எத்தகைய காரியம் என்று. வேறு வழியும் தெரியவில்லை.

டிசம்பர் 13, புதன்கிழமை. 6.40க்குக் கையெழுத்திட்டேன். வாங்கில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். முரசுமோட்டையிலிருந்து வந்தவர், முப்பத்தெட்டு வயது, மூன்று நாள் காய்ச்சல், வயலில் வேலை. வேறு எதையும் தொடாமல் அவரை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது தோளிலிருந்து தொடங்கினேன்.

“தம்பி, இது எப்ப வந்தது?”

“மாத்தளன்ல, கடைசிச் சண்டையில.”

“இது?”

“அதுவும் அண்டைக்குத்தான், மிஸ்.”

“இது?”

அவர் தன் விலாவைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தக் காயத்தோட என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் இப்ப இல்லை” என்றார். பிறகு, “உதெல்லாம் இப்ப ஏன் கேக்கிறியள், மிஸ்? எனக்குக் காய்ச்சல்.”

“தெரியும், தம்பி. மற்றப் பக்கம் திரும்புங்கோ” என்றேன்.